செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: பழைய காரின் ஸ்டார்ட்டிங் கோளாறைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. சாவியைத் திருப்பியும் இன்ஜின் சுற்றவே இல்லை என்பது ஒன்று. செல்ஃப் மோட்டார் இன்ஜினை நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்பது இரண்டாவது. பிடித்து, சற்று நேரம் ஓடி, பிறகு நின்றுவிடுகிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சம்பந்தப்பட்ட பாகங்கள் வேறு, பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. இவற்றைப் பிரிக்காமல் பேட்டரி, பிளக், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால், ஏதோ ஒரு கட்டத்தில் வண்டி சரியாகிவிடக்கூடும். ஆனால் எதனால் சரியானது என்பது யாருக்கும் தெரியாது, அதே கோளாறு திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள கார்களையும், எலக்ட்ரானிக் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்த முதல் தலைமுறை பெட்ரோல் கார்களையும் மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. டீசல் வண்டிகளுக்குப் பொருந்தும் வேறுபாடுகளைப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்

முதல் கருவி ஒரு துண்டுக் காகிதம். காலையில் குளிர்ந்த நிலையில் தொல்லை தருகிறதா, ஓடிச் சூடேறிய பிறகா, சூடாக நிறுத்தி இருபது நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதா என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது, மழையோ ஈரமோ இருந்ததா, நின்றபோது வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்ததா அல்லது பிரேக் பிடித்து மெதுவாகும்போது நின்றதா, மறுபடி ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் பிடித்தது என்பவற்றையும் குறிக்க வேண்டும். கடைசியாக வண்டியில் யார், எந்த இடத்தில் கை வைத்தார்கள் என்பதும் முக்கியம். வால்வுகளை இன்ஜினின் சுழற்சியோடு சேர்த்து இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய மறுநாளே ஸ்டார்ட்டிங் கோளாறு வந்தால், பேட்டரியைக் குறை சொல்லும் முன் அந்த வேலையைத்தான் மறுபார்வை பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட மதிப்புள்ள தகவல், இன்ஜின் எப்படி நின்றது என்பது. சுவிட்சை அணைத்தது போல் ஒரே கணத்தில், எந்த உதறலும் இல்லாமல் நின்றதா? அப்படியானால் மின்சாரம் அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நாலைந்து விநாடிகள் இழுவை குறைந்து, குதித்துக் குதித்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் உயிர் வந்து மறுபடி திணறி நின்றதா? அது பெட்ரோல் போதாமையின் குணம். வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் இன்னொரு சாட்சியும் கிடைக்கிறது. பல பழைய கார்களில் அந்த மீட்டருக்கான சிக்னல் தீப்பொறிக்கான உயர் அழுத்த மின்சாரத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்றிலிருந்தே வருகிறது. எனவே கியரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே, அதாவது இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் இக்னிஷன் சிக்னல் போய்விட்டது என்று பொருள். முள் மெதுவாக வேகத்தோடு சேர்ந்து இறங்கினால் இக்னிஷன் உயிரோடு இருக்கிறது. பெட்ரோல் பக்கம் போக வேண்டும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டர், பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் தகடுகள்), தடித்த ஜம்பர் கேபிள், இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் பெட்ரோல் அழுத்தமானி. வேலை தொடங்கும் முன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்கு அணை கொடுக்க வேண்டும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும், பெட்ரோல் ஆவி தரையோடு தவழும். இரண்டின் அருகிலும் தீப்பொறி கூடாது. இக்னிஷன் காயிலின் உயர் அழுத்தப் பக்கத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் உண்டாகும் என்பதால், ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைக் கையால் பிடிக்கவே கூடாது. மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் அறவே மங்கிப்போனால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது கரண்ட் போகும் வழியில் எங்கோ தடை இருக்கிறது. வெளிச்சம் கொஞ்சமும் மாறாமல் இருந்தால், செல்ஃப் மோட்டாருக்கு ஆணையே போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரின் உள்ளே சுற்று அறுந்திருக்கிறது. ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு அமைதியானால் சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. ‘டகடகடக’ என்று தொடர்ந்து அடித்துக்கொண்டால், சாலினாய்டு இழுத்தவுடன் வோல்டேஜ் சரிந்து, அது விட்டு, மறுபடி இழுக்கிறது என்று பொருள். இது பெரும்பாலும் பேட்டரியிலோ டெர்மினலிலோ உள்ள குறை.

சில மணி நேரம் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான், 12.0 என்றால் கால் பங்கு. ஆனால் ஓய்வு நிலை அளவு பாதிக் கதையைத்தான் சொல்லும். இன்ஜின் பிடித்துவிடாதபடி இக்னிஷன் காயிலின் சிக்னலைக் கழற்றிவிட்டு, செல்ஃப் அடித்தபடியே பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். மிதமான வெப்பநிலையில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் போகிறது என்றால் பேட்டரியின் ஆயுள் முடிந்திருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கலாம். மூடி திறக்கக்கூடிய பேட்டரியில் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு அறையிலும் உள்ள அமிலத்தின் ஒப்படர்த்தியை அளந்து, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் குறைந்திருந்தால், அந்த அறை செத்துவிட்டது என்று முடிவு செய்யலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் மோட்டார் இழுக்கத் திணறினால் கேபிள்களைச் சந்தேகிக்க வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் நம்பி அளக்க முடியாது. சும்மா நிற்கும்போது அதே கேபிளின் மறுமுனையில் முழு 12.6 வோல்ட்டும் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் குறை வெளிப்படும். ஆகவே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழின் மேலேயே வைத்து (மேலுள்ள கிளாம்பின் மேல் அல்ல), மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் குறை இருக்கிறது. அதேபோல் நெகட்டிவ் குமிழுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, சரியில்லை.

எர்த் குறையை உறுதி செய்ய இன்னும் எளிய வழி உண்டு. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை நெகட்டிவ் குமிழிலும் மறு முனையை இன்ஜினின் வெற்று உலோகப் பகுதியிலும் கவ்வவிட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். உடனே சுறுசுறுப்பாகச் சுற்றினால் வேறு சாட்சி வேண்டாம். என் பழைய வண்டியில் இப்படித்தான் கண்டேன்: வெளியே பார்க்கப் புதிதுபோல் இருந்த எர்த் கேபிளின் உறையை நுனியில் நாலு விரற்கடை கீறிப் பிரித்தபோது, உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைப் பூத்துத் தூளாக உதிர்ந்தன. கிளாம்பை மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்த இரண்டு மாத உழைப்பு அத்தனையும் வீண்.

பேட்டரியும் கேபிளும் தேறிவிட்டால், சாலினாய்டின் மெல்லிய ஒயரில் டெஸ்ட் லாம்ப்பை வைத்துச் சாவியைத் திருப்பச் செய்ய வேண்டும். லாம்ப் பளிச்சென்று எரிந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் குறை மோட்டாரில்தான். தேய்ந்த கார்பன் பிரஷ் என்றால், சாவியைத் திருப்பிப் பிடித்தபடி மோட்டாரின் உடலை மரக் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் ஒருமுறை எடுக்கும். அது வீட்டுக்குப் போய்ச் சேர உதவும், பழுதுநீக்கம் ஆகாது. லாம்ப் எரியவில்லை என்றால் பின்னோக்கி ரிலே, ஆட்டோமேட்டிக் வண்டியின் நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், இக்னிஷன் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக ஏறிப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் ‘பி’ (பார்க்) நிலையில் எடுக்காத செல்ஃப் ‘என்’ (நியூட்ரல்) நிலையில் எடுத்தால் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

காலையில் மட்டும் பேட்டரி இறங்கியிருக்கிறது என்றால் இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் வோல்டேஜ் 13.8 முதல் 14.5 வரை இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். அது சரியாக இருந்தால், எல்லாம் அணைத்துக் கதவைப் பூட்டி முக்கால் மணி நேரம் விட்டபின், நெகட்டிவ் கேபிளில் மீட்டரைத் தொடராக இணைத்து எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று அளக்கலாம். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது கசிவு விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நல்ல இன்ஜின் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தும் இடத்தில் சத்தம் கனத்து, ஒரு சீரான தாளம் கேட்கும். அந்தத் தாளமே இல்லாமல், எடையில்லாத எதையோ சுற்றுவதுபோல் வேகமாக ‘விர்ர்’ என்று ஓடினால், டைமிங் பெல்ட் அறுந்திருக்கவோ பற்கள் தாண்டியிருக்கவோ கூடும். அந்தச் சந்தேகம் எழுந்த கணமே செல்ஃப் அடிப்பதை நிறுத்த வேண்டும். பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வளையும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒரே ஒரு முறை சுற்றச் செய்து, உள்ளே கேம் ஷாஃப்ட் அசைகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டியில், பிடித்த ஓரிரு விநாடியில் நின்று, சாவி விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், வேறு எதையும் கழற்றும் முன் மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தீப்பொறி. பிளக் ஒயரில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, அதன் உடலை இன்ஜினில் கவ்வவிட்டு செல்ஃப் அடித்தால், ‘டிக் டிக்’ என்ற ஓசையோடு நீலம் கலந்த வெண்மையான பொறி தாவ வேண்டும். மெலிந்த, ஆரஞ்சு நிறப் பொறி பலவீனத்தின் அடையாளம். பொறி இல்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் (பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகப் பிரித்தனுப்பும் பாகம்) உள்ள வண்டியில் காயிலிலிருந்து நேராக வரும் நடு ஒயரில் அதே சோதனையைச் செய்ய வேண்டும். அங்கே பொறி இருந்து பிளக்கில் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் (மூடி), ரோட்டர் (உள்ளே சுழலும் பாகம்), ஒயர்கள் ஆகியவற்றில்தான் குறை. கேப்பின் உட்புறத்தில் பென்சில் கோடுபோல் மெல்லிய கரிக்கோடு ஓடியிருந்தால் அது விரிசல், துடைத்தாலும் போகாது. மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறுக்கு இதுவே முதல் சந்தேகம்.

நடு ஒயரிலும் பொறி இல்லை என்றால் காயிலின் பாசிட்டிவ் முனையில் கரண்ட் வருகிறதா என்று பார்த்து, பிறகு நெகட்டிவ் முனையில் டெஸ்ட் லாம்ப்பை வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும். லாம்ப் விட்டு விட்டு மின்னினால் காயிலின் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டோ, அதே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாடியூலோ வேலை செய்கிறது, காயில்தான் கெட்டிருக்கிறது. மின்னவே இல்லை என்றால் குறை பாயிண்ட், மாடியூல், அல்லது இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து சிக்னல் தரும் பிக்கப், கிராங்க் சென்சார் ஆகியவற்றில் ஒன்றில். பாயிண்ட் வைத்த வண்டிகளில் இடைவெளி பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் இறுதியானது. பாயிண்ட்டின் முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால், பாயிண்ட்டைக் கருகாமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பாயிண்ட்டை மட்டும் தேய்த்துப் போட்டால் சில நாட்களில் அதே நிலைதான்.

ஒரு சுவாரசியமான குணத்தைத் தனியே சொல்ல வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்ட நொடியில் அணைந்துபோகிறது. இது பேலஸ்ட் ரெசிஸ்டர் வைத்த வண்டிகளின் தனிக் கோளாறு. ஸ்டார்ட் செய்யும்போது காயிலுக்கு முழு வோல்டேஜும் நேரடியாகப் போகும். சாவி ஓட்ட நிலைக்குத் திரும்பியதும் கரண்ட் அந்த ரெசிஸ்டர் வழியே போகும். அது அறுந்திருந்தால் வழி அடைபட்டுவிடும். இக்னிஷன் சுவிட்சின் உள்ளே ஓட்ட நிலைக்கான தொடுமுனை தேய்ந்திருந்தாலும் இதே குணம்தான் தெரியும். காயிலின் பாசிட்டிவ் முனையில் மீட்டரை வைத்து, ரெசிஸ்டருக்கு முன்னும் பின்னும் அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

தீப்பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல். கார்புரேட்டர் வண்டியில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் நிற்கும்போது, ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்து உள்ளே பார்த்தால், மெல்லிய பெட்ரோல் தாரை ஒன்று பீய்ச்சியடிக்க வேண்டும். அது வந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் இருக்கிறது. வராவிட்டால் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு, இன்ஜின் பக்கத்தில் சூடும் பொறியும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, சில சுற்றுகள் செல்ஃப் அடித்து பம்ப் தள்ளுகிறதா என்று காண வேண்டும். மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தம் 0.2 முதல் 0.4 பார் வரைதான்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைப் போட்டதும் பின்னாலிருந்து இரண்டு விநாடி ‘ஊம்’ என்று பம்ப் ஓடி நிற்கும் சத்தம் பெரும்பாலானவற்றில் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், அடுத்து ரிலே. அதே வகை ரிலே வேறு வேலைக்கு இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பதே விரைவான சோதனை. மோதலின்போது பம்பை நிறுத்தும் சுவிட்ச் சில கார்களில் உண்டு. பள்ளத்தில் ஆழமாக விழுந்தாலே அது விடுபட்டுவிடும், அதன் தலைப் பொத்தானை அழுத்தினால் போதும். பம்ப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுத் திருப்தி அடையக் கூடாது. மல்ட்டி பாயிண்ட் இன்ஜெக்‌ஷனில் அழுத்தம் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 பார் வரை இருக்க வேண்டும்; தேய்ந்த பம்ப் சத்தம் போட்டுக்கொண்டே 1.5 பார் தரும். குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்க மறக்க வேண்டாம். இரவெல்லாம் நின்றபின் முதல் முறை நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்து, சாவியை மூன்று முறை போட்டு எடுத்தபின் உடனே பிடிக்கிறது என்றால், பம்பின் ஒருவழி வால்வோ இன்ஜெக்டரோ கசிந்து குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது.

தீப்பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்றால் பதற வேண்டாம். உண்மையில் வேலை எளிதாகிவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கெடுவது அரிது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை கிராங்க் சென்சார், மெயின் ரிலே, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் கரண்டும் எர்த்தும் ஆகியவைதான். அவற்றிலேயே தேட வேண்டும்.

பிளக் கழற்றும்போது பெட்ரோலில் நனைந்து பளபளத்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால், கார்புரேட்டரில் காற்று மிகுதியாக நுழையும். பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் அதைப் புரிந்துகொண்டு பெட்ரோலை நிறுத்தியோ குறைத்தோ விடும். இது அடிக்கடி நிகழ்ந்தால் கூலன்ட் வெப்பநிலை சென்சாரை அளக்க வேண்டும். அதன் தடை சூட்டோடு குறையும்: பல வகைகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரிக்கு மேல் சில நூறு ஓம்களும் இருக்கும். ஒயர் அறுந்தால் கம்ப்யூட்டர் கடுங்குளிர் என்று எண்ணி, சூடான இன்ஜினில் பெட்ரோலைக் கொட்டும். பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால்தான் இக்னிஷன் டைமிங், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) ஆகியவற்றுக்குப் போக வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றிக் கம்ப்ரஷனை அளக்கும்போது சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஓடி, சூடேறி, நின்றுபோகும் வண்டி

உண்மையான பொறுமை தேவைப்படுவது இங்கேதான். இருபது நிமிடம் ஓடி நின்று, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் வண்டியை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் தெரியாது. கோளாறு உயிரோடு இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் சோதித்தால் மட்டுமே பிடிபடும். பானெட்டைத் திறந்து, கருவிப் பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் பாகம் ஆறிவிடும். ஆகவே சோதனையை முன்கூட்டியே வண்டியில் கட்டிவைத்துவிட்டு ஓட்ட வேண்டும்.

நான் செய்வது இது. இரண்டு சிறிய 12 வோல்ட் பல்புகளை எடுத்து, ஒன்றைக் காயிலின் பாசிட்டிவ் முனையிலிருந்தும், இன்னொன்றைப் பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரிலிருந்தும், ஒவ்வொன்றிலும் சிறிய ஃபியூஸ் வைத்து, டாஷ்போர்டு வரை இழுத்து ஒட்டிவிடுகிறேன். ஓடும்போது இரண்டும் எரிந்துகொண்டிருக்கும். பார்க்கும் வேலையை ஓட்டுபவர் செய்யக் கூடாது, பக்கத்தில் அமர்ந்தவர்தான் செய்ய வேண்டும். இன்ஜின் நிற்கும் கணத்தில் காயில் பல்பு அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது அதன் பின்னுள்ள ஒயர். பம்ப் பல்பு மட்டும் முதலில் அணைந்தால் ரிலே. பழைய ரிலேக்களின் உள்ளே சால்டர் வளையம்போல் வெடித்து, சூட்டில் விலகி, குளிர்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்ற பிறகு ஒரு விநாடி கழித்துப் பம்ப் பல்பு அணைவது இயல்பு. இரண்டும் எரிந்துகொண்டே இன்ஜின் நின்றால் ஸ்பார்க் டெஸ்டரைக் கொண்டு உடனே பொறியைப் பார்க்க வேண்டும்.

சூட்டில் நின்ற நிலையில் பொறி இல்லை என்றால் கிராங்க் சென்சார், டிஸ்ட்ரிபியூட்டரின் பிக்கப், இக்னிஷன் மாடியூல், காயில் ஆகிய நால்வரே குற்றவாளிகள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து அறுபடும், ஆறினால் ஒட்டும். சென்சாரின் மேல் ஈரத் துணியைச் சுற்றி ஆறவிட்டு, உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கலாம். மாறாக, நன்றாக ஓடும் இன்ஜினில் அதைச் சிகை உலர்த்தியால் சூடாக்கி நிற்கச் செய்தும் நிரூபிக்கலாம். மாடியூலைக் கழற்றி மாட்டும்போது அடியில் தடவும் வெப்பப் பசையை விட்டுவிட்டால், புதிய மாடியூலும் சில வாரங்களில் இதே தொல்லையைத் தரும். சாவிக்கொத்தில் பத்து சாவிகள் தொங்கினால் இக்னிஷன் சுவிட்ச் தேயும். இன்ஜின் ஓடும்போது கொத்தை மெல்ல அசைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், ஆனால் வண்டி நிற்கும்போது மட்டும்.

பொறி இருக்கிறது, பெட்ரோல் இல்லை என்றால் முதலில் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. ஒரு கோடைக்காலம் முழுவதும் என் வண்டி முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை திணறி நின்றது. பம்ப், ஃபில்டர், கார்புரேட்டர் கிட் என்று எல்லாம் மாற்றியாயிற்று. ஒருநாள் நின்ற இடத்திலேயே பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினேன். ‘உஸ்ஸ்ஸ்’ என்று நீண்ட மூச்சாகக் காற்று உள்ளே பாய்ந்தது. மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டதால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வரவில்லை. நின்று காத்திருக்கும்போது காற்று மெல்லக் கசிந்து நிரம்ப, வண்டி மறுபடி ஓடியது. மெல்லிய ஊசியால் துளையைத் தூர்வாரிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

மூடி சரியாக இருந்தால் டேங்கின் உள்ளே போக வேண்டும். துருவும் வண்டலும் உறிஞ்சும் முனையின் வலையில் போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும்; இன்ஜின் நின்று உறிஞ்சல் விட்டதும் கீழே விழுந்துவிடும். இதுவும் நின்று, காத்திருந்து, ஓடும் குணத்தையே தரும், பெட்ரோல் குறைவாக உள்ளபோது மோசமாகும். கார்புரேட்டர் வண்டிகளில் கடும் வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகும் ஏர் லாக் தொல்லையும் உண்டு. குழாய் எக்ஸாஸ்ட் அருகே உரசிப் போகிறதா, வெப்பத் தடுப்புத் தகடு காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரமான துணியைப் பம்பின் மேல் சுற்றினால் உயிர் வந்தால் அதுதான் காரணம். சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியில் வால்வு இடைவெளி இறுகிப்போயிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. வால்வு முழுதாக மூடாவிட்டால் கம்ப்ரஷன் தங்காது.

ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) மட்டும் அணைவது

ஓடும்போது குறையில்லை, சிக்னலில் பிரேக் பிடித்து நிற்கும்போது மட்டும் அணைகிறது என்றால், தேட வேண்டிய இடம் காற்றுப் பாதை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்றை அளவாக உள்ளே விடும் த்ராட்டில் பாடியின் தட்டைச் சுற்றிக் கரி படிந்து, ஐடில் வால்வும் ஒட்டியிருப்பதே மிக வழக்கமான காரணம். சுத்தம் செய்தாலே பாதி வண்டிகள் சரியாகும். கார்புரேட்டரில் ஐடில் ஜெட் அடைப்பு. சிலவற்றில் ஐடில் பெட்ரோலைத் திறக்கும் சாலினாய்டு உண்டு. சாவியைப் போட்டதும் அது ‘க்ளிக்’ என்று ஒலிக்காவிட்டால் அதன் ஒயரைப் பார்க்க வேண்டும்.

ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்று கசிந்தால் ஐடிலிங் உதறும். இன்ஜின் ஓடும்போது காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் இணைப்புகளில் மெல்லத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு ஓட்டத்தின் தன்மை மாறும். எரியும் திரவங்களைத் தெளிக்கும் பழக்கம் சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் ஆபத்தானது, அதை நான் பரிந்துரைப்பதில்லை. பிரேக் மிதித்த கணத்தில் ஐடிலிங் மாறினால் பிரேக் பூஸ்டரின் சவ்வு கிழிந்திருக்கலாம். அது பிரேக்கின் விஷயம் என்பதால் ஒத்திப்போடக் கூடாது. எரிந்த புகையின் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் அதுவும் ஐடிலிங்கைக் கொல்லும்.

எச்சரிக்கை விளக்கு உள்ள வண்டிகளில் கோளாறுக் குறியீடுகளைப் படித்துப் பார்க்கலாம். கோளாறுக் குறியீடுகளைப் படிப்பதற்கான பொதுவான ஓபிடி-2 முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தே கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் விளக்கு மின்னும் எண்ணிக்கையை வைத்தே படிக்க வேண்டியிருக்கும். குறியீடு காட்டுவது பாகத்தின் பெயரை அல்ல, எந்தச் சுற்றில் வழக்கமல்லாத அளவு வந்தது என்பதைத்தான். ஒயரையும் இணைப்பியையும் அளந்த பிறகே சென்சாரை வாங்க வேண்டும்.

டீசல் வண்டியில் தீப்பொறிச் சோதனைகள் இல்லை. குளிரில் மட்டும் பிடிக்காவிட்டால் ஹீட்டர் பிளக்குகளின் தடையை அளக்க வேண்டும்; நல்லது ஓரிரு ஓமுக்குள் காட்டும், அறுந்தது எதையும் காட்டாது. இரவு நின்றபின் நீண்ட நேரம் செல்ஃப் கேட்டால் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. ஃபில்டருக்குப் பின் ஒரு துண்டு ஒளிபுகும் குழாயை மாட்டினால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும்.

காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றும்போது ஒரு படி மிச்சமிருக்கிறது. கழற்றிய பழைய பாகத்தை எறியாமல், முடிந்தால் மறுபடி மாட்டி, கோளாறு திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் குணமானது அந்தப் பாகத்தால் அல்ல, அதை மாற்றும்போது அசைந்த ஏதோ ஒரு இணைப்பியால். பிறகு முதலில் எழுதிவைத்த காகிதத்தை எடுத்து, அதே அளவு பெட்ரோலோடு, அதே சூட்டில், அதே தூரம் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் அதன் பின்புறத்தில் குறித்து, சர்வீஸ் புத்தகத்துக்குள் செருகிவைக்கவும்.